வண்டியா? வலவனா?

நடுவரின் தீர்ப்புரை

பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ‘இந்த ஆளு என்னதான் தீர்ப்புச் சொல்லப் போறாரு பாப்போம்’னு காத்துக்கிட்டிருக்கிற என் அன்புச் சொந்தங்களே! (கைதட்டல்)

மேடை ஏறும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “ஏன்யா, மாமியாரா மருமகளான்னு பேசிக்கிட்டிருந்தீங்க. நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப எதுக்கு கார் பந்தயம்?”னு கேட்டார். நான் சொன்னேன்: “அய்யா, அதுல வேகம் பத்தலையாம்!” (சிரிப்பு)

இந்தப் பொருளுக்கும் நமக்கும் தொடர்பு இல்லேன்னு நெனச்சிடாதீங்க. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், ஆண்டுக்கணக்காகக் கார்ப் பந்தயம் நடந்தது. கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே தனித் தடம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அந்த வரிசையில் கார் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். (கைதட்டல்)

நம் இலக்கியம் மட்டும் என்ன? சங்கத் தமிழில் தேரோட்டிக்கு ‘வலவன்’ என்று அழகான பெயர். போர் முடிந்து வீடு திரும்பும் தலைவன், ‘கார்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருப்பாள், தேரை விரைந்து செலுத்து’ என்று வலவனைத்தான் கேட்கிறான். ‘சக்கரத்துக்கு மசகு போட்டியா?’ என்று அவன் கேட்டதாக நான் படித்ததில்லை. (சிரிப்பு) ஆனால் அந்த மசகைப் போட்டவனும் ஒருத்தன் இருந்திருப்பான், இல்லையா? அங்கேதான் இன்றைய வழக்கே தொடங்குகிறது.

வழக்கு இதுதான். பந்தயத் தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதில் பெரும்பங்கு வண்டியின் செட்டிங்குக்கா, ஓட்டுநரின் பயிற்சிக்கா?

செட்டிங் என்றால் என்ன? நம் வீட்டு சைக்கிளில் காற்று குறைந்தால் மிதிக்க முடியாது. அதிகமானால் குண்டும் குழியும் இடுப்பில் தெரியும். பந்தயக் காரில் அந்தக் காற்றழுத்தம், ஸ்பிரிங்கின் விறைப்பு, சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி, காற்றை வைத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கையின் சாய்வு, கியர்ப் பல்லின் கணக்கு, இவ்வளவையும் தடத்துக்குத் தகுந்தபடி மாற்றலாம். நேர்ச்சாலையில் பறக்கும்படி மாற்றினால் வளைவில் வழுக்கும். வளைவில் ஒட்டும்படி மாற்றினால் நேர்ச்சாலையில் வேகம் குறையும். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அந்த வேலை. அப்படியானால் பயிற்சி? அது சாதகம். விடியற்காலையில் எழுந்து, அண்டை வீட்டுக்காரர் எழுந்து சண்டைக்கு வரும்வரை வாசிக்கிற சாதகம். (சிரிப்பு)

முதலில் வண்டி அணி. அந்த அணித் தலைவர் எடுத்த எடுப்பில் கர்ணனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். “வில்வித்தையில் கர்ணனுக்குப் பயிற்சி குறைவா? தேர்ச் சக்கரம் புதைஞ்சதே, அதனால்தானே போனான்?” என்று கேட்டார். எதிரணி அம்மா விடுவாங்களா? “சக்கரம் புதைஞ்சது சாபத்தால. மெக்கானிக் பாத்தா சரியாகுமா?”ன்னு போட்டாங்க ஒரு போடு! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் அவர் அடுத்துச் சொன்னது வலுவான வரலாறு. அமெரிக்காவில் மார்க் டோனஹ்யூ என்று ஒருவர். பொறியியல் படித்துவிட்டுப் பந்தயத்துக்கு வந்தவர். வேகத்தை அவர் தடத்தில் மட்டும் தேடவில்லை. தரையில் பெரிய வட்டம் போட்டு, அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டி, வண்டி எவ்வளவு வேகம் தாங்குகிறது என்று அளப்பார். ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவார். மறுபடி அதே வட்டம். மறுபடி அளவு. 1968, 1969 இரண்டு ஆண்டும் டிரான்ஸ்-ஆம் தொடரில் அவருடைய பென்ஸ்கே குழு செவ்ரோலேவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. 1972-இல் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை அவர் வென்றார். “அறிவால் வந்த வேகம் அய்யா இது!” என்றார் அணித் தலைவர். ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அணியின் தம்பி 1992-க்குப் போனார். அந்த ஆண்டு வில்லியம்ஸ் குழுவின் காரில் ஸ்பிரிங் வேலையைக் கணினி பார்த்தது. மேடோ, வளைவோ, பிரேக்கோ, எது வந்தாலும் வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டுமோ, அதைக் கணினி அவ்வப்போது சரிசெய்துகொண்டே போகும். நைஜல் மான்செல் அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயத்தையும் வரிசையாக வென்றார். இந்த வசதியையே 1994-இல் விதி போட்டுத் தடுத்துவிட்டார்கள். “பயிற்சியை எவனாவது தடை பண்ணியிருக்கானா? தடை பண்ணுற அளவுக்குப் பலம் இருக்கிறது வண்டியில்தானே?” என்றார் தம்பி. நல்ல கேள்வி. (கைதட்டல்)

இப்போது ஓட்டுநர் அணி. அந்த அம்மா ஜெர்மனிக்கே நம்மைக் கூட்டிப்போனாங்க. நூர்புர்க்ரிங் தடம். ஒரு சுற்று சுமார் 22.8 கிலோமீட்டர். காடு, மலை, ஏற்றம், இறக்கம், சுமார் 170 வளைவுகள். 1957 ஆகஸ்ட் 4. அர்ஜென்டினாக்காரர் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ, வயது 46. நம்ம ஊரில் அந்த வயதில் மூட்டுவலித் தைலம் தேடுவோம். (சிரிப்பு) அவருடைய மாசெராட்டி பாதி எரிபொருளோடு புறப்பட்டது. இடையில் ஒருமுறை நின்று நிரப்பிக்கொண்டு, டயரும் மாற்றிக்கொள்வது திட்டம். நின்றார். ஆனால் வேலை நினைத்ததைவிட இழுத்துவிட்டது. மறுபடி புறப்பட்டபோது ஃபெராரி ஓட்டுநர்கள் ஹாதார்னும் காலின்ஸும் முக்கால் நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பத்தே சுற்று.

அதற்குப் பிறகு அந்த மனிதர் ஓட்டியதைத்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்தார். 20-ஆம் சுற்று 9 நிமிடம் 17.4 விநாடி. 21-ஆம் சுற்றில் இருவரையும் முந்தினார். வென்றார். ஐந்தாவது உலகப் பட்டம் அன்றே உறுதியானது.

அந்த அம்மா இங்கே ஒரு கணக்கு வச்சாங்க பாருங்க. பந்தயத்துக்கு முன்னால் முதலிடம் பிடிக்க நேரம் எடுப்பார்களே, அதில் இதே ஃபாஞ்சியோ எடுத்தது 9 நிமிடம் 25.6 விநாடி. வண்டி அதேதான், தடமும் அதேதான், ஆளும் அவரேதான். எட்டு விநாடி எங்கிருந்து வந்தது? ‘புது டயர்’ என்றார் வண்டி அணித் தம்பி. தம்பி, டயர் கொஞ்சம் கொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வழக்கமாகப் போடுவதைவிட உயர்ந்த கியரில் வளைவுகளை எடுத்தேன் என்றுதான் ஃபாஞ்சியோவே பின்னாளில் சொன்னார். அப்படி அதற்கு முன்னால் ஓட்டியதும் இல்லை, மறுபடி அப்படி ஓட்ட விருப்பமும் இல்லை என்றும் சொன்னார். அதே தடத்தில் 1954-இலும் 1956-இலும் வென்றவர் அவர். ஒவ்வொரு வளைவும் உடம்பில் ஊறியிருந்தால்தான் ஆபத்து நேரத்தில் அந்த எட்டு விநாடியை உடம்பு எடுத்துக் கொடுக்கும்.

அடுத்து அயர்டன் சென்னா. பிரேசில் நாட்டுப் பிள்ளை. சின்ன வயதில் கார்ட் வண்டி ஓட்டும்போது முதல் மழைப் பந்தயத்தில் தடுமாறித் தோற்றார். நாமாக இருந்தால் மழையைத் திட்டியிருப்போம். அந்தப் பிள்ளை அதன் பிறகு மழை பெய்தால் போதும், வண்டியை எடுத்துக்கொண்டு தடத்துக்கு ஓடிவிடும். மழை வந்தால் நாம் பஜ்ஜி தேடுவோம், அவர் வளைவு தேடினார். (சிரிப்பு) 1984 மொனாக்கோ. கொட்டுகிற மழை. டோல்மன் என்ற சாதாரணக் குழுவின் காரில் 13-ஆவது இடத்திலிருந்து புறப்பட்டவர், மழையால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியபோது இரண்டாம் இடத்தில் நின்றார். இது சாதகத்தின் வெற்றி.

சரி. இரண்டு பக்கமும் சமமாகத்தான் தெரிகிறது. நான் ஒரே ஒரு தாளை உங்கள் முன்னால் வைக்கிறேன். 1992, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடம். பந்தயத்துக்கு முந்திய நேரப் பட்டியல். முதலிடம் மான்செல், 1 நிமிடம் 18.965 விநாடி. இரண்டாமிடம் அதே வில்லியம்ஸ் குழுவின் பாத்ரேசே, 1 நிமிடம் 20.884. மூன்றாமிடம் மெக்லாரனில் வந்த சென்னா, 1 நிமிடம் 21.706.

நல்லாக் கவனிங்க. மழையில் கலக்கிய, அதற்குள் மூன்று முறை உலகப் பட்டம் வென்றுவிட்ட சென்னாவே, பாத்ரேசேக்கு 0.8 விநாடி பின்னால்! ‘பாத்தீங்களா, வண்டி!’ என்று இந்தப் பக்கம் கைதட்டலாம். (கைதட்டல்) பொறுங்க, பொறுங்க. மான்செலுக்கும் பாத்ரேசேக்கும் ஒரே குழு, ஒரே மாதிரி வண்டி, ஒரே கணினி வசதி. நடுவில் 1.9 விநாடி! ‘பாத்தீங்களா, ஓட்டுநர்!’ என்று அந்தப் பக்கம் கைதட்டலாம். (சிரிப்பு, கைதட்டல்) ஒரே தாள், இரண்டு தீர்ப்பு. இப்போது நடுவர் பாடு திண்டாட்டம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நான் ஒரு மனிதரைத் துணைக்கு அழைக்கிறேன். நிக்கி லௌடா. ஆஸ்திரியாக்காரர். 1974-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்காக ஃபெராரி குழுவில் சேர வந்தார். இத்தாலியில் அந்தக் குழுவுக்கு ஃபியோரானோ என்ற சொந்தச் சோதனைத் தடம் 1972-இலேயே இருந்தது. புதுப் பையன் வண்டியை ஓட்டிப் பார்த்தான். குழுவை நிறுவிய என்ஸோ ஃபெராரி, ‘எப்படி?’ என்று கேட்டார். வண்டி மோசம் என்றார் லௌடா. மொழிபெயர்க்க நின்றவர் பதறிப்போய், ‘அப்படியெல்லாம் இவரிடம் சொல்லக்கூடாது’ என்றாராம். லௌடாவே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

ஆனால் அவர் ‘மோசம்’ என்பதோடு நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது, முன் சக்கர அமைப்பை மாற்ற வேண்டும் என்று நோயையும் சொன்னார். ‘மாற்றினால் எவ்வளவு நேரம் குறைப்பாய்?’ ‘அரை விநாடி.’ ‘ஒரு வாரம் தருகிறேன். அரை விநாடி வரவில்லை என்றால் நீ வெளியே’ என்றார் பெரியவர். பொறியாளர் ஃபோர்கியேரி மாற்றிக் கொடுத்தார். அரை விநாடி வந்தது! அதன் பிறகு அந்தத் தடத்தில் ஓட்டுவது, சொல்வது, மாற்றுவது, மறுபடி ஓட்டுவது என்றே காலம் போனது. 1975-இல் லௌடா உலகப் பட்டம் வென்றார். ஃபெராரி ஓட்டுநருக்கு அந்தப் பட்டம் 1964-க்குப் பிறகு, 11 ஆண்டு கழித்துக் கிடைத்தது. (கைதட்டல்)

இப்போது சொல்லுங்கள், அந்த அரை விநாடி யாருடையது? மாற்றியது வண்டியை. கண்டுபிடித்தது மனிதன். சந்திக்கும் இடம் இதுதான். இரண்டு அணியும் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தீர்கள், ஆனால் உள்ளே வரவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஓட்டுநர் ஐந்து சுற்று ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 விநாடி, 113, 111, 114, 109. இவருக்கு ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுக்கிறோம். அடுத்த சுற்று 110. செட்டிங்கால் லாபமா, நட்டமா? சொல்ல முடியுமா? முடியாது. இன்னொருவர் 110.1, 110.2, 110, 110.1 என்று ஓட்டுகிறார். இவருக்கு மாற்றினோம். 109.6 வந்தது. இப்போது தெரிகிறதா, இல்லையா? வண்டிக்கடையில் காய்கறி எடை போடுகிறார்கள். ஆடுகிற தராசில் கத்தரிக்காய் எடை தெரியுமா? முதலில் முள் நிற்கணும். ஓட்டுநர்தான் அந்த முள். அதை நிற்க வைப்பதுதான் பயிற்சி. (கைதட்டல்)

டோனஹ்யூ வட்டத்தில் அளந்தார் என்றீர்களே, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில், அதே நிதானத்தில் சுற்றத் தெரிந்த கை அவருக்கு இருந்ததால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. ஃபாஞ்சியோ யார்? பால்கார்சே என்ற ஊரில் சிறுவயதிலேயே பட்டறையில் வேலை பார்த்த மெக்கானிக்! ஆஸ்திரேலியாவின் ஜாக் பிராபம் 1966-இல் தன் பெயரையே தாங்கிய காரை ஓட்டி உலகப் பட்டம் வாங்கினார். அப்படி வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இவர்களுக்கெல்லாம் கையும் காதும் ஒரே உடம்பில் இருந்தன.

ஆகவே என் தீர்ப்பு. முதல் படி, வண்டி பத்திரமாக இருக்க வேண்டும். பிரேக்கும் டயரும் சரியில்லாத வண்டியில் பயிற்சி எடுப்பது வீரம் ஆகாது. அளந்து அளந்து ஓட்டிய அந்த டோனஹ்யூவே 1975 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில், பந்தயத்துக்கு முந்திய ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். இந்த விளையாட்டில் அலட்சியத்துக்கு மட்டுமல்ல, கவனத்துக்கும் உயிர் உத்தரவாதம் கிடையாது. அதனால் பாதுகாப்பில் பட்டிமன்றமே இல்லை.

இரண்டாம் படி, பயிற்சி. நேரம் நிலையாக வரும்வரை வண்டியில் எதையும் தொடாதே. மூன்றாம் படி, செட்டிங். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றி, ஓட்டி, அளந்து பார். மேல்மட்டத்தில் எல்லா ஓட்டுநரும் முள் நின்ற தராசுதான். அங்கே வண்டிதான் வித்தியாசம் காட்டும். சென்னா மூன்றாம் இடத்தில் நின்றதற்குக் காரணம் அதுதான். இதை வண்டி அணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த மட்டத்திலும், வண்டி தருகிற பிடிப்பை நம்பி வளைவுக்குள் நுழைகிற மனம் ஒன்று வேண்டும். மான்செலின் 1.9 விநாடியில் அதற்குப் பங்கு உண்டு.

எனவே, சுற்று நேரத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு பயிற்சிக்கே! (பலத்த கைதட்டல்) இருங்க, இன்னும் முடிக்கலை. எந்தப் பயிற்சி? கண்ணை மூடிக்கொண்டு நூறு சுற்று சுற்றுவதல்ல. வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கவும், கேட்டதை எடுத்துச் சொல்லவும் கற்றுத்தருகிற பயிற்சி.

கடைசியாக வீட்டுச் சேதி ஒன்று. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கணக்கில் மார்க் சரிந்துகொண்டே போனது. அப்பா சொன்னார், ‘பயிற்சி பத்தலை, இன்னும் பத்துக் கணக்குப் போடு.’ போட்டேன். மறுபடி குறைந்தது. மறுபடி பத்து. எங்கள் வாத்தியார் ஒருநாள் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இவன் கணக்குத் தப்பாப் போடலே, போர்டுல இருக்கிற எண்ணையே தப்பா எழுதியிருக்கான்’ என்றார். கண்ணாடி போட்டார்கள். மார்க் ஏறியது. அத்தனை நாளும் கோளாறு செட்டிங்கில்! நான் சோம்பேறி என்று அடி வாங்கியது மட்டும் மிச்சம். (சிரிப்பு)

ஆனால் அந்தப் பத்துப் பத்துக் கணக்கை நான் ஒழுங்காய்ப் போட்டிருந்ததால்தான் வாத்தியாருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்தது. போடாமலே இருந்திருந்தால் அவரும் என்னைச் சோம்பேறி என்றுதானே முடிவு கட்டியிருப்பார்?

பிள்ளைகளே, ‘பேட் சரியில்லை, பேனா சரியில்லை’ என்று சொல்லுமுன் உங்கள் தராசின் முள்ளை நிற்க வையுங்கள். பெற்றோர்களே, உழைக்கிற பிள்ளை ‘ஏதோ சரியில்லை’ என்று வந்து நின்றால், ‘உனக்கு உழைப்புப் பத்தலை’ என்று வாயை மூடாதீர்கள். என்ன சரியில்லை என்று கேளுங்கள். நேற்று வந்த பையன் ‘உங்கள் வண்டி மோசம்’ என்றபோது என்ஸோ ஃபெராரிக்குக் கோபம் வந்திருக்கும். ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார் பாருங்கள், அந்த ஒரு வாரத்தில்தான் ஒரு உலகப் பட்டத்துக்கு விதை விழுந்தது.

சொல்லத் தெரிந்த பிள்ளையும் வேண்டும், கேட்கத் தெரிந்த பெரியவரும் வேண்டும். வீட்டுக்குப் போகும்போது மெதுவாகப் போங்கள், யாரும் சுற்று நேரம் எடுக்கவில்லை! (சிரிப்பு) (பலத்த கைதட்டல்)